பிராட்சர்ச் முடிச்சிட்டேன், அடுத்து எது? இந்த டிடெக்டிவ் எல்லாரும் ஏன் உடைஞ்சு போயே இருக்காங்க?

கார்த்திகா_சேலம்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா ஒரு கேள்வி போடறேன். போன வாரம் பிராட்சர்ச்ங்கற பிரிட்டிஷ் போலீஸ் சீரிஸ் முதல் சீசன் முடிச்சேன், 8 எபிசோட், அஞ்சு ராத்திரி. 2013ல வந்தது, இங்க பாதி பேர் எப்பவோ பாத்திருப்பீங்க. கொலைகாரன் யாருன்னு மட்டும் யாரும் எழுதிடாதீங்க ப்ளீஸ், இனிமே பாக்கறவங்க இருப்பாங்க.

முடிச்சு ஒரு வாரம் ஆகியும் ஒரு சீன் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. முதல் எபிசோட்ல அந்த அம்மா பெத், 11 வயசு பையன் டேனி ஸ்கூல்ல இல்லன்னு தெரிஞ்சு கார்ல போறா, ரோட்ல வண்டியெல்லாம் நிக்குது, பீச்ல ஏதோ பாடி கெடைச்சிருக்காம்னு காதுல விழுது. கார அப்படியே ட்ராஃபிக்ல விட்டுட்டு இறங்கி நடக்கறா, நடை வேகமாகுது, அப்புறம் ஓட்டம். பீச்ல போலீஸ் தடுக்கறாங்க, தூரத்துல மூடி வெச்சிருக்கற துணிக்கு வெளிய ஷூ மட்டும் தெரியுது. அந்த ஷூவ வெச்சே அவளுக்கு தெரிஞ்சுடுது. நான் பாஸ் பண்ணிட்டு எந்திரிச்சு போய் எங்க பசங்க தூங்கற ரூம ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு வந்தேன்.

நான் மாத நாவல் படிச்சு வளந்தவ. அதுல பாடி முதல் அத்தியாயத்துலயே விழுந்துடும், அப்புறம் இன்ஸ்பெக்டர், க்ளூ, சேஸிங், கடைசி பக்கத்துல கொலைகாரன். செத்தவங்க வீட்டுக்கு கதை திரும்பி போகவே போகாது, அந்த வீட்ல அன்னிக்கு யாராவது சாப்பிட்டாங்களா தூங்கினாங்களான்னு எதுவும் தெரியாது. பிராட்சர்ச் அந்த வீட்டுக்குள்ளயே உக்காந்துட்டுது, அதுதான் என்ன ஆட்டிப் பாத்துடுச்சு.

ஆனா ஒரு குழப்பம். இதுல வர்ற டிடெக்டிவ் ஹார்டிக்கு ஹார்ட்ல பிரச்சினை, பழைய கேஸ் ஒண்ணு கைவிட்டுப் போச்சு, கல்யாணமும் போச்சு. சரி, இதே மாதிரி வேற பாக்கலாம்னு ரெண்டு மூணு சீரிஸ் ட்ரெய்லர் பாத்தா எல்லா டிடெக்டிவுக்கும் டைவர்ஸ், இல்ல குடி, இல்ல செத்துப்போன குழந்தை. யூனிஃபார்ம் மாதிரி எல்லாருக்கும் ஒரே சோகத்த மாட்டி விட்டுடறாங்களோன்னு தோணுது. இதுக்கு நிஜமாவே ஒரு காரணம் இருக்கா? அப்புறம், செத்தவங்க வீட்ட விட்டு நகராத சீரிஸ் வேற எது இருக்கு? ரத்தம், வெட்டின உடம்பு இதெல்லாம் க்ளோஸப்ல காட்டறது எனக்கு வேண்டாம்.

ராத்திரி_ரயில்:

நல்ல கேள்விங்க. 15 வருஷமா இந்த மாதிரி சீரிஸ் மட்டுமே தேடித் தேடி பாக்கறவன் நான், எனக்குன்னு ஒரு அளவுகோல் வெச்சிருக்கேன். அந்த டிடெக்டிவோட சோகம் கேஸுக்குள்ள வந்து ஏதாவது உடைக்குதா, இல்ல சும்மா பின்னாடி சுவத்துல போட்டோ மாதிரி தொங்குதா? ஆளு தனியா விஸ்கி குடிக்கறாரு, காலைல எந்திரிச்சு மாமூலா கேஸ கண்டுபிடிக்கறாருன்னா அது தொங்கற போட்டோ. நீங்க சொன்ன யூனிஃபார்ம்.

ஹார்டிய எடுத்துக்கோங்க. உடம்பு முடியலங்கறத மறைக்கறான், தெரிஞ்சா கேஸ புடுங்கிடுவாங்க. அதனால அவனுக்கு நேரம் கம்மி, பொறுமை கம்மி, அந்த ஊர்ல ஒருத்தரையும் நம்ப மாட்டான். பக்கத்துல கூட வேலை பாக்கற போலீஸ் எல்லி மில்லர், அதே ஊர்க்காரி, செத்த பையன் அவ மகனோட ஃப்ரெண்டு, யாரையும் சந்தேகப்பட மனசு வராது. அவளுக்கு வர வேண்டிய ப்ரமோஷன்தான் ஹார்டிக்கு போயிருக்கு. பீச்ல டேனிய பாத்து அவ உடையறப்ப, இது இப்ப கேஸ், வேலைய பாருங்கற மாதிரி ஒரு வார்த்தை சொல்றான் பாருங்க, முதல்ல கோவம் வரும், எட்டு எபிசோட் முடிச்சுட்டு திரும்பி அந்த இடத்த பாத்தா வேற மாதிரி வலிக்கும்.

உங்களுக்கு அடுத்தது மேர் ஆஃப் ஈஸ்ட்டவுன். 2021, எச்பிஓ, 7 எபிசோட், ஒரே சீசன். பென்சில்வேனியாவுல ஒரு சின்ன ஊர், எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம் இல்லன்னா பழைய கிளாஸ்மேட். கேட் வின்ஸ்லெட்தான் டிடெக்டிவ் மேர். பையன் தற்கொலை பண்ணிக்கிட்டான், அவன் விட்டுட்டுப் போன பேரப்பையன இவ வளக்கறா, அந்தக் குழந்தையோட அம்மா போதைல இருந்து மீண்டு வந்து என் பிள்ளைய குடுன்னு கேக்கறா. இங்கதான் நான் சொன்ன அளவுகோல் வருது. மேர் என்ன பண்றா தெரியுமா, போலீஸ் வசம் இருக்கற ஹெராயின எடுத்து அந்தப் பொண்ணு மேல கேஸ் வர்ற மாதிரி வெச்சு விட்டுடறா. மாட்டி, சஸ்பெண்ட் ஆகறா, ஊர்ல ஒரு பொண்ணு கொலையாகி கேஸ் நடந்துட்டு இருக்கறப்பவே. அழுகையா இருந்த துக்கம் குத்தமா மாறிடுது. இந்த தைரியம் நிறைய சீரிஸுக்கு கிடையாது, நம்ம ஆளு தப்பு பண்ணினா கூட அதுக்கு ஒரு நியாயத்த ஒட்டி வெச்சுடுவாங்க.

சின்னதா இன்னொண்ணு. முதல் எபிசோட்ல ஒருத்தன துரத்தறப்ப கால் மடங்கிடும், அதோட அவ்ளோதான்னு விட மாட்டாங்க, அப்புறமும் விந்தி விந்திதான் நடப்பா. துரத்தி ஓடற போலீசுக்கு வலிக்கும்னு ஞாபகம் வெச்சு எழுதியிருக்காங்க. வின்ஸ்லெட்டும் ஒரு சீன்ல தெரிஞ்ச தொப்பைய எடிட்ல மறைக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க, போஸ்டர்ல முகச்சுருக்கத்த அழிச்சத திருப்பி போட வெச்சாங்க. அந்த வருஷம் எம்மி விருது அவங்களுக்கு. தோழியா வர்ற ஜூலியான் நிக்கல்சனுக்கும் குடுத்தாங்க, கடைசி எபிசோட் பாத்தா ஏன்னு தெரியும்.

அதுக்கப்புறம் ஹாப்பி வேலி. பிபிசி, வடக்கு இங்கிலாந்து. கேத்தரின் டிடெக்டிவ் இல்ல, ரோந்து போற சார்ஜென்ட், கொலைகாரன் யாருங்கற சஸ்பென்ஸும் இல்ல, ஆனா மக செத்த வீடு போலீஸ்காரியோட சொந்த வீடு, அதனால உங்க லிஸ்ட்ல கண்டிப்பா வரணும். 2014, 2016, அப்புறம் 7 வருஷம் கழிச்சு 2023. பேரனா நடிச்ச அதே பையன் நிஜமாவே வளந்து வரணும்னு காத்திருந்து எடுத்தாங்க. முதல் சீன்லயே பார்க்ல ஒருத்தன் பெட்ரோல் ஊத்திக்கிட்டு நிக்கறான், கேத்தரின் அவன்கிட்ட பேச்சு குடுக்க தன் கதைய சொல்றா, வயசு 47, டைவர்ஸ் ஆயிடுச்சு, தங்கச்சி போதைல இருந்து மீண்டவ, பெத்தது ரெண்டு, ஒண்ணு செத்துப்போச்சு, இன்னொண்ணு பேசறதில்ல, பேரன் இருக்கான். நீங்க யூனிஃபார்ம்னு சொன்ன மொத்த சோகத்தையும் ரெண்டு மூச்சுல சொல்லிட்டு வேலைய பாக்க போயிடறா.

வடக்குக்காற்று:

தங்கச்சி, நான் டென்மார்க்கில இருக்கிறன், யூட்லாண்ட் பக்கம். நீங்கள் கேட்டதுக்கு என்ர பதில் தி கில்லிங். அமெரிக்காக்காரர் எடுத்தது இல்லை, இங்க டிஆர் டிவியில 2007ல போனது. டேனிஷ்ல அதுக்குப் பேர் 'குற்றம்' எண்டுதான்.

ஞாயிறு இரவு 8 மணி. மொத்தம் 20 பகுதி, ஒரு பகுதிக்கு ஒரு நாள், விசாரணையின்ர 20 நாள். முதல் 10 பகுதியையும் தை மாசம் தொடங்கிப் போட்டிட்டு நிப்பாட்டிப் போட்டாங்கள், மிச்சம் 10 ம் செப்டம்பர் கடைசியிலதான் தொடங்கினது. அந்தக் கோடை முழுக்க வேலை இடத்தில தேத்தண்ணி குடிக்கேக்க ஆர் செய்தது எண்டதுதான் கதை. நான் அப்ப வந்து கொஞ்சக் காலம், டேனிஷ் அரைகுறை, வகுப்பில வாய் திறக்கமாட்டன். இந்தக் கதைக்காகத்தான் முதல் முதல் வாய் திறந்து அவையோட வாதாடினது.

நீங்கள் கேட்ட அந்த வீடு இதில இருக்கு. நன்னா, 19 வயசுப் பிள்ளை, ஒரு காரின்ர டிக்கிக்குள்ள, தண்ணிக்குள்ள இருந்து எடுக்கினம். தகப்பன் தைஸ், வீட்டுச் சாமான் ஏத்தி இறக்கிற சின்னக் கொம்பனி வச்சிருக்கிற பெரிய உருவமான மனுசன். அந்த இடத்துக்கு வந்திட்டார், போன் கையில, மற்றப் பக்கம் தாய் பெர்னில. போனை ஒருத்தரும் வைக்கேல்ல. ஒருத்தரும் ஒண்டும் சொல்லவும் இல்லை, தகப்பன்ர குரல் மட்டும்தான் தாய்க்குக் கேக்குது. தங்கட பிள்ளையைத் தேடித் திரியிற தாய் எப்பிடி இருப்பா எண்டு எங்கட சனத்துக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை. நான் அந்த இடத்தில டிவியை நிப்பாட்டிப் போட்டன், அடுத்த கிழமை திரும்பப் போட்டனான்.

அங்கால இன்னும் 19 பகுதி கிடக்கு, ஒண்டிலயும் அந்த வீட்டை மறக்கமாட்டினம். சவப்பெட்டி தெரிவு செய்யிறது, மற்ற ரெண்டு சின்னப் பொடியங்களுக்கும் அக்கா வரமாட்டா எண்டு சொல்லுறது, கொம்பனிக் கணக்கு வழக்கு, எல்லாம் வரும். பொலிஸ் கதை ஒண்டு, வீட்டுக் கதை ஒண்டு, மேயர் தேர்தல் கதை ஒண்டு, மூண்டுக்கும் ஒரே அளவு மரியாதை. டிஆர் எண்டுறது சனத்தின்ர காசில ஓடின டிவி, நாடகம் எண்டால் விறுவிறுப்புக்குக் கீழ சமூகத்தைப் பற்றி ரெண்டாவது கதை ஒண்டு இருக்கவேணும் எண்டு அவையின்ர ஒரு கொள்கை. அது இதில வடிவாத் தெரியும்.

இனி உங்கட முதல் கேள்வி. இந்தக் கேஸை விசாரிக்கிற டிடெக்டிவ் சாரா லுண்டுக்குக் குடி இல்லை, செத்த பிள்ளை இல்லை. அண்டைக்குப் பின்னேரம் மகனையும் கூட்டிக்கொண்டு சுவீடனுக்குப் போய் புது வாழ்க்கை தொடங்க வேண்டிய ஆள். கடைசி நாள் வேலை. இந்தக் கேஸ் வந்திட்டுது. இண்டைக்கு இல்லை நாளைக்குப் போவம் எண்டு தள்ளித் தள்ளி ஒவ்வொண்டாக் கையை விட்டுப் போகுது. உடைஞ்ச மனுசி ஒருத்தி கேஸுக்கு வரேல்ல, கேஸ்தான் எங்கட கண்ணுக்கு முன்னால அவவை உடைக்குது. எனக்குத் தெரிஞ்ச அளவில இதைவிட நேர்மையான விடை உங்கட கேள்விக்கு இல்லை.

அவ போடுற பின்னல் சுவெட்டர் பிறகு இங்கிலாந்தில 2011ல பிபிசி 4 சேனல் போட்டாப் பிறகு சரியான பிரபலம். அதை அந்த நடிகை சோபி கிரோபல் தானே தெரிவு செய்தது. சூட் போட்டு ஆம்பிளையளுக்குச் சமன் எண்டு காட்ட வேண்டிய தேவை இல்லாத ஒரு பொம்பிளை, அவ்வளவுதான்.

அமெரிக்கப் பதிப்பு 2011ல வந்தது, மழை பெய்யிற சியாட்டில். நடிப்பு நல்லம். ஆனால் முதல் சீசன் 13 பகுதியும் பாத்து முடிச்சால் கொலைகாரனைச் சொல்லாமலே முடிச்சுப் போட்டினம், சனம் சரியாக் கொதிச்சுப் போச்சு. முதல் டேனிஷைப் பாருங்கோ.

பிரபு_எம்:

மேல சொன்ன எல்லாம் ஓகே, ஆனா யாரும் ட்ரூ டிடெக்டிவ் முதல் சீசன் பேர எடுக்கலயே, அது எனக்கு தாங்கல. 2014, 8 எபிசோட், லூசியானா. 1995ல ஒரு கொலை, 2012ல அதப்பத்தி ரெண்டு பழைய டிடெக்டிவையும் தனித்தனியா உக்கார வெச்சு கேள்வி கேக்கறாங்க, அவங்க வாய் ஒண்ணு சொல்லுது, திரை வேற ஒண்ண காட்டுது. அதுல ஒருத்தன் ரஸ்ட் கோல், பெரிய கணக்கு லெட்ஜர் மாதிரி ஒண்ண கைல வெச்சுக்கிட்டே அலைவான், அதனால டாக்ஸ்மேன், வரி வசூல்காரன்னு பட்டப்பேர். வீட்ல ஒரு மெத்தை, சுவத்துல ஒரு சிலுவை, அவ்ளோதான். பொண்ணு செத்துப்போச்சு. நாலாவது எபிசோட் கடைசில 6 நிமிஷம் வெட்டே இல்லாம ஒரே ஷாட், மூச்சு விட மறந்துடுவீங்க.

ஆனா கார்த்திகா சிஸ்டர் கேட்டதுக்கு இது பொருந்துமான்னு உண்மையா யோசிச்சா, பொருந்தாது. செத்த பொண்ணு டோரா லாங்கோட அம்மா ஒரே ஒரு சீன், கை நகமெல்லாம் கெட்டுப்போயி, தலைவலின்னு நெத்திய புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும் அந்தம்மா. அந்த ஒரு சீன்ல ஒரு முழு வாழ்க்கை தெரியுது, அப்புறம் திரும்ப அந்த வீட்டுக்கு போகவே இல்ல. எனக்கு ரொம்ப புடிச்ச சீரிஸ்தான், ஆனா அந்த வீட்ட விட்டுட்டு வந்தது குறைதான்னு உங்க கேள்விய படிச்ச பிறகு தோணுது.

அதனால உங்களுக்கு நான் வேற ஒண்ணு சொல்றேன், சீரிஸ் இல்ல, படம். மெமரீஸ் ஆஃப் மர்டர், கொரியா, 2003. ஹ்வாசோங்ங்கற கிராமப்பக்கம் 1986ல இருந்து 1991 வரைக்கும் 10 பொண்ணுங்கள கொன்ன நிஜ கேஸ். லோக்கல் டிடெக்டிவ் பார்க், ஆள பாத்தாலே குத்தவாளியா இல்லையான்னு கண்ண வெச்சு சொல்லிடுவேன்பான், அடிச்சு ஒத்துக்க வைப்பான். சியோல்ல இருந்து வந்தவன் சோ, ஃபைல் பொய் சொல்லாதுன்னு நம்பறவன். படம் முடியறப்ப அடிக்கறவன் சோர்ந்துட்டான், ஃபைல நம்பினவன் துப்பாக்கிய தூக்கிட்டு மழைல நிக்கறான். வடக்குக்காற்று அக்கா சொன்ன மாதிரி கேஸ் ஆள உடைக்கறத கண்ணால பாக்கலாம். உங்களுக்கு ரத்தம் வேண்டாம்னீங்க, இதுல சில இடம் கஷ்டமா இருக்கும், முன்னாடியே சொல்லிடறேன்.

படம் எடுத்தப்ப கேஸ் முடியல. கடைசி ஷாட்ல பார்க்கா நடிச்ச சாங் காங் ஹோ நேரா கேமராவ பாப்பாரு, கொலைகாரன் எங்கயோ தியேட்டர்ல உக்காந்து பாத்தா அவன் கண்ண பாக்கணும்னு டைரக்டர் வெச்ச ஷாட். 16 வருஷம் கழிச்சு 2019ல டிஎன்ஏ வெச்சு ஆள கண்டுபிடிச்சுட்டாங்க, அவன் வேற ஒரு கொலைக்கு ஏற்கனவே ஜெயில்லதான் இருந்திருக்கான். அதோட இன்னொண்ணும் வெளிய வந்துச்சு. அதுல எட்டாவது கொலைய செஞ்சதா வேற ஒருத்தர அடிச்சு ஒத்துக்க வெச்சு 20 வருஷம் உள்ள வெச்சிருந்தாங்க. 2020ல கோர்ட் அவரு நிரபராதின்னு சொல்லுச்சு. படத்துல அந்த டிடெக்டிவ் அடிக்கறப்ப தியேட்டர்ல சிரிச்ச ஆளுங்க இருப்பாங்க, அதுக்கு நிஜத்துல ஒருத்தரோட 20 வருஷம் போயிருக்கு.

ஏட்டு_மகள்:

நான் இங்க எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். எங்க அப்பா ஏட்டா இருந்து ரிட்டையர் ஆனவர். போன வருஷம் கால் ஆபரேஷன் ஆகி வீட்லயே இருந்தப்ப அவருக்கு பிராட்சர்ச் போட்டு காட்டினேன், இங்கிலீஷ் அவ்ளோ வராது, நான் பக்கத்துல உக்காந்து என்ன பேசறாங்கன்னு சொல்லிட்டே வந்தேன்.

ஹார்டியும் மில்லரும் டேனி வீட்டுக்கு போயி சொல்ற சீன் வந்துச்சு. அப்பா ரிமோட்ட கேட்டு நிறுத்த சொன்னார். "இப்படி நேரா சொல்ல மாட்டோம்"னார். அவங்க போய் கதவ தட்டி, உங்க பையனுக்கு அடிபட்டிருக்கு, ஜிஎச் வரைக்கும் வாங்கன்னுதான் சொல்லுவாங்களாம். உயிரோட இருக்கானான்னு கேட்டா, டாக்டர் பாத்துட்டு இருக்காரும்மான்னு சொல்லணுமாம். ஜீப்லயோ ஆட்டோலயோ ஏத்திட்டா வழியெல்லாம் அவங்க சாமிகிட்ட வேண்டிட்டே வருவாங்களாம், இவருக்கு தெரியும், ஆனா சொல்ல முடியாது. "அந்த அரை மணி நேரம் நாம பாவம் பண்ற மாதிரி இருக்கும்"னு சொல்லிட்டு திரும்ப போடுன்னார்.

கார்த்திகா அக்கா, நீங்க ஷூ பத்தி எழுதினீங்கல்ல, அதான் என்ன எழுத வெச்சது. பிஎம், அதாவது பிரேதப் பரிசோதனை முடிஞ்சதும் பாடி மேல இருந்த துணிமணிய டாக்டர்கிட்ட இருந்து வாங்கிட்டு வந்து ஐஓகிட்ட, அதாவது கேஸ விசாரிக்கற அதிகாரிகிட்ட ஒப்படைக்கறது கூட போன போலீஸோட வேலை. ஃபார்ம் 95ல எழுதி கோர்ட்டுக்கு அனுப்புவாங்க, ஒரு பொருள் விடாம எழுதணும். ஒரு தடவ கிணத்துல இருந்து எடுத்த ஒரு ஸ்கூல் பையன். அப்பாதான் கூட போனார். காக்கி டவுசர், வெள்ள சட்டை, அரணாக்கயிறு, டவுசர் பாக்கெட்ல 2 ரூபா காயின் ஒண்ணு. அந்த 2 ரூபாயையும் எழுதணும். எனக்கு அப்ப அந்தப் பையன் வயசுதான். அப்பா வீட்டுக்கு வந்து உள்ள வரல, பின்பக்கம் குழாயடிலயே ரொம்ப நேரம் குளிச்சார். அப்புறம் வந்து என் ஸ்கூல் பேக திறந்து பென்சில் பாக்ஸ், நோட்டு, எல்லாத்தையும் வெளிய எடுத்து வெச்சு பாத்துட்டு திரும்ப அடுக்கினார். ஏன்னு நான் கேக்கல. பிராட்சர்ச் பாத்த அன்னிக்குதான் அவரே சொன்னார், 30 வருஷம் கழிச்சு.

அதனால டிடெக்டிவ் ஏன் உடைஞ்சு போயிருக்கான்ங்கறதுக்கு எனக்கு பதில் தெரியும். எங்க வீட்ல விஸ்கி பாட்டில் இல்ல, டைவர்ஸ் இல்ல. ராத்திரி லேட்டானா கேட்கிட்ட போய் நிக்கறது, என் தம்பி கிணத்துப் பக்கம் போனாலே கத்தறது, கல்யாண வீட்ல சிரிச்சிட்டு இருக்கறப்ப திடீர்னு எங்கயோ போயிடறது, இப்படித்தான் இருந்துச்சு. அந்தக் காலத்துல உக்கார வெச்சு என்னன்னு கேக்க ஆள் கிடையாது, மறுநாள் காலைல திருவிழா பந்தோபஸ்துக்கு போயிட்டார். சீரிஸ்ல ஒரு டிடெக்டிவ் ஒரே கேஸ ராப்பகலா துரத்தறத பாத்தா அப்பாவுக்கு அதுதான் நம்பவே முடியல. இங்க ஒரு இன்ஸ்பெக்டர் கைல கொலை கேஸும் இருக்கும், அதே நாள் மந்திரி வர்ற பந்தோபஸ்தும் இருக்கும், 90 நாளுக்குள்ள சார்ஜ்ஷீட் போடலன்னா உள்ள இருக்கறவன் ஜாமீன்ல வந்துடுவான். ஐஓ ட்ரான்ஸ்ஃபர் ஆனா புது ஆள் சிடிய, அதாவது கேஸ் டைரிய முதல் பக்கத்துல இருந்து படிக்கணும்.

தமிழ்ல வேணும்னா வதந்தி பாருங்க, 2022, கன்னியாகுமரிப் பக்கம் நடக்கறது. வெலோனின்னு ஒரு பொண்ணு, செத்துப்போனவ. ஊர்ல ஒவ்வொருத்தரும் அவளப்பத்தி ஒரு கதை சொல்றாங்க, ஒவ்வொரு கதைலயும் அவ வேற ஆளா இருக்கா. எஸ்.ஜே.சூர்யா பண்ற எஸ்ஐ அந்தக் கேஸ விடாம புடிச்சுக்கிட்டு வீட்ல நிம்மதிய தொலைக்கறார். செத்த பொண்ண பத்தி ஊர் பேசற பேச்சு, அதான் ரெண்டாவது கொலை, அத அப்பா பாத்துட்டு சரியா எடுத்திருக்கான்னு சொன்னார். பிராட்சர்ச்ல அந்த பேப்பர் கடை தாத்தாவ ஊரே சேந்து சந்தேகப்படற எபிசோட் பாத்தப்பவும் இதையேதான் சொன்னார்.

கார்த்திகா_சேலம்:

ஏட்டு மகள், உங்க பதில எங்க வீட்டுக்காரர்கிட்ட சத்தமா படிச்சு காட்டினேன், பாதில என்னால படிக்க முடியல, மீதிய அவர் வாங்கி படிச்சார். அப்பாவுக்கு என் வணக்கத்த சொல்லுங்க. அந்த 2 ரூபாய இனிமே நான் மறக்க மாட்டேன்.

ராத்திரி ரயில் அண்ணா, உங்க அளவுகோல நோட்ல எழுதி வெச்சுட்டேன். மேர் அடுத்த மாசம், கொஞ்சம் இடைவெளி விட்டுட்டு. பிரபு ப்ரோ, அந்தப் படத்துக்கு எனக்கு இன்னும் தைரியம் வரல, ஆனா 20 வருஷம் உள்ள இருந்தவரப் பத்தி நீங்க எழுதினத படிச்சுட்டு அந்தக் கேஸ தேடித் தேடி படிச்சிட்டு இருக்கேன்.

டேனிஷ்தான் முதல்ல ஆரம்பிச்சேன். நாலு எபிசோட் ஆச்சு. வடக்குக்காற்று அக்கா, அந்த போன் சீன் வரும்னு நீங்க சொல்லி தெரிஞ்சுதான் உக்காந்தேன், தெரிஞ்சும் ஒண்ணும் பண்ண முடியல. அந்த அப்பா தைஸ் அழறத விட, ஒண்ணும் செய்யத் தெரியாம பெரிய உடம்போட அந்த சமையல்கட்ல நிக்கறாரே, அதுதான். லுண்டு யார்கிட்டயும் ஆறுதலா ரெண்டு வார்த்தை கூட பேச மாட்டேங்கறா, முதல் எபிசோட்ல எனக்கு அவ மேல கோவமா இருந்துச்சு. நாலாவதுல அவ ஏர்போர்ட்டுக்கு போகாத ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டுக்காகத்தான் போகலன்னு தோண ஆரம்பிச்சுடுச்சு. அவ பையன நெனச்சா பாவமாவும் இருக்கு.

ஏட்டு_மகள்:

அக்கா, நான் இத அப்பாகிட்ட சொன்னேன். டென்மார்க்ல ஒரு பொம்பள போலீஸ், ஊருக்கு கிளம்பற அன்னிக்கு கேஸ் வந்துட்டுதுன்னு. முழுசா கேட்டுட்டு, "டிக்கில இருந்த பொண்ணோட துணிய யாரு வாங்கினாங்க"ன்னு கேட்டார். அதெல்லாம் எனக்கு தெரியல. அந்த சீரிஸ டவுன்லோட் பண்ணி வெக்க சொல்லிட்டார், நான் சப்டைட்டில் பாத்து சொல்லணுமாம். கேஸ முடிச்சுட்டாங்களான்னு மட்டும் உங்கள கேக்க சொன்னார்.

வடக்குக்காற்று:

அப்பாவுக்குச் சொல்லுங்கோ பிள்ளை, கார்த்திகா தங்கச்சிக்கு இன்னும் 16 நாள் கிடக்கு. அவர் முதலாம் நாளில இருந்து தொடங்கட்டும். டேனிஷ்ல ஏதும் விளங்காட்டில் இங்க கேளுங்கோ, நான் சொல்லுறன்.